ஓசையும் சொல்லும்: சிலாவிய மொழிகளில் ‘கிலகோலாத்தி’ என்னும் ஒலிக்குறிப்பு வினையும் கேட்பவரின் அறமும்

முன்னுரை

ஒருவர் வாயினின்று எழும் ஒலி சொல்லாவதும் வெற்றோசையாவதும் எதனைப் பொறுத்தது? பேசுபவரின் நாவையா, கேட்பவரின் செவியையா? இவ்வினாவை மொழியியல் ஒலியன், சொல், பொருள் என்னும் கருத்தாக்கங்களின் துணையால் எதிர்கொள்ளும். ஆயினும் இதற்கு அறவியல் சார்ந்த பக்கம் ஒன்றும் உண்டு. பிறர் பேச்சை இரைச்சல் என ஒருவர் ஒதுக்கும்போது அங்கு நிகழ்வது வெறும் செவிப்புல அனுபவம் அன்று. அது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பினால் பேசியவர் பேசுபவர் என்னும் தகுதியையே இழக்கிறார்.

இவ்வறச் சிக்கலை ஆராய்வதற்குச் சிலாவிய மொழிகளில் வழங்கும் ஒரு வினைச்சொல்லின் வரலாறு பெரிதும் துணைபுரிகிறது. ‘கிலகோலாத்தி’ என்னும் அச்சொல் ஓசையைப் போலச்செய்து பிறந்தது. பின்னர்த் திருமறையின் சொல்லைக் குறிக்கும் உயர்வினை எய்தியது. அதன் உறவுச் சொற்களோ பிதற்றல், மணி, குரல், தேர்தல் வாக்கு எனப் பல திசைகளில் கிளைத்தன. அச்சொல்லின் பிறப்பையும் வழித்தோன்றல்களையும் விளக்கி, ஓசை என்றும் சொல் என்றும் பகுக்கும் தீர்ப்பு கேட்பவரின் அறப்பொறுப்பைச் சார்ந்தது என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினைச்சொல்லின் பிறப்பு

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் எழுத்துருப் பெற்ற பழைய திருச்சபைச் சிலாவிய மொழியில் ‘கிலகோலாத்தி’ என்பது ‘பேசுதல்’ என்னும் பொருளில் வழங்கும் வினை. ‘கிலகோல்’ என்பது அதன் பெயர் வடிவம். ‘சொல்’, ‘உரை’ என்பன அதன் பொருள்கள். ஒப்பியல் மொழிநூலார் இவற்றின் மூல வடிவத்தைக் ‘கோல்-கோல்’ என மீட்டுருவாக்குவர். ஓசையைக் குறிக்கும் ஓர் அடி இரட்டித்து நின்று வினையாயிற்று என்பது அவர்தம் முடிவு. தமிழிலக்கணத்தார் இரட்டைக்கிளவி எனவும் வடநூலார் அநுகரணம் எனவும் சுட்டும் சொற்களின் இயல்பு இதனிடத்தும் காணப்படுகிறது.

இம்மூலம் ஒவ்வொரு கிளைமொழியிலும் அவ்வம்மொழியின் ஒலி மாற்ற விதிகளுக்கு உட்பட்டது. தென்சிலாவியத்தில் உயிரும் லகரமும் இடம் மாறியதால் ‘கிலகோல்’ தோன்றிற்று. செக் மொழியில் அவ்வாறே இடம் மாறியதோடு ககரம் ஹகரமாகி ‘ஹ்லஹோல்’ ஆயிற்று. கிழக்குச் சிலாவியத்தில் லகரத்தின் இருபுறமும் உயிர் நின்று ‘கொலொகொல்-’ என நீண்டது. உருசிய வட்டார வழக்கில் உள்ள ‘கொலொகொலித்’ என்னும் வினை அதற்குச் சான்று. அதன் பொருள் ‘வாயாடுதல்’, ‘பிதற்றுதல்’ என்பதாகும்.

உருசிய மொழியில் மணியைக் குறிக்கும் ‘கொலொகொல்’ என்னும் சொல்லும் இரட்டிப்பினால் அமைந்ததே. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் முன்னது ஒலிப்புடைய ககரத்தையும் பின்னது ஒலிப்பில்லாத ககரத்தையும் உடையவை. எனவே இவை வெவ்வேறு சொற்கள். மணியைக் குறிக்கும் சொல்லோடு வடமொழியின் ‘கலகல’ என்பதை ஒப்பிடுவர். தமிழிலும் ‘கலகல’ உண்டு. ஆயினும் ஓசையைப் போலச்செய்யும் சொற்கள் எம்மொழியிலும் தனித்தனியே தோன்றக்கூடியன ஆதலின், ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு இனவுறவு கற்பித்தல் பொருந்தாது.

‘கோல்’ என்னும் அதே அடியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் மற்றொரு சொல் ‘குரல்’ எனப் பொருள்படுவது: உருசியத்தில் ‘கொலொஸ்’, போலிஷில் ‘க்வோஸ்’, செக்கில் ‘ஹ்லஸ்’, தென்சிலாவியத்தில் ‘கிலஸ்’. ஆக, ஓரடியே பிதற்றலுக்கும் குரலுக்கும் திருமறைச் சொல்லுக்கும் தாயாக விளங்குகிறது.

போலச்செய்தல் இழிவாகுமா?

ஒலிக்குறிப்பினின்று சொல் பிறந்தது எனக் கூறுவதை அறிஞர் பலர் இழிவாகக் கருதினர். மொழி இயற்கையொலிகளோடு தொடர்புடையது என்பதை எர்டர் 1772ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் ஆட்டின் கத்தலை எடுத்துக்காட்டி விளக்கினார். இத்தகைய கொள்கையை மாக்சு முல்லர் 1861இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் நாய் குரைப்பின் பெயரிட்டு நகையாடினார். மனிதனின் பகுத்தறிவுக்கு அடையாளமான மொழியை விலங்கொலியின் வழித்தோன்றலாகக் காண அவர் மனம் ஒப்பவில்லை. இங்கு அறிவியல் மறுப்போடு பிறப்பின் உயர்வு தாழ்வு பற்றிய உணர்வும் கலந்துள்ளமை நோக்கத்தக்கது.

சசூரின் விளக்கம் இச்சிக்கலை வேறொரு நிலைக்குக் கொண்டுசென்றது. 1916இல் வெளியான அவர்தம் பாடநூல், ஒலிக்குறிப்புச் சொற்களும் மொழிக்குள் புகுந்தபின் ஏனைய சொற்களைப் போன்றே ஒலி மாற்றத்துக்கு உட்பட்டுத் தம் பழைய ஓசையை இழக்கின்றன எனக் காட்டியது. குஞ்சின் கீச்சொலியைப் போலச்செய்த இலத்தீன் சொல் பிரெஞ்சில் புறாவைக் குறிக்கும் சொல்லாய் மாறிய பின்னர் அதில் கீச்சொலி எஞ்சவில்லை. ‘கிலகோல்’ என்பதும் அத்தகையதே. அதனைக் கேட்கும் இன்றைய உருசியர் எவருக்கும் பிதற்றலோ ஆரவாரமோ நினைவுக்கு வருவதில்லை. அவர்களுக்கு அது இலக்கணத்தில் ‘வினைச்சொல்’ என்பதன் பெயர். ‘சொல்’ எனவும் ‘வினை’ எனவும் பொருள்படும் கிரேக்கத்தின் ‘ரேமா’ என்பதற்கு நிகராக இச்சொல் ஆளப்பட்டமையால் இவ்விலக்கணப் பொருள் அமைந்தது. 1619இல் வெளியான சிமோத்ரித்ஸ்கியின் இலக்கணநூலிலேயே இவ்வாட்சி உள்ளது.

இதனால் பெறப்படுவது யாது? ஒரு சொல்லின் தொடக்கம் அதன் தகுதியை அறுதியிடுவதில்லை. தொடக்கத்தில் அது ஏளனமாகவே வழங்கியது எனக் கொள்ளுதற்கும் இடமில்லை; இரட்டிப்பு என்பது மிகுதியையோ தொடர்ச்சியையோ மட்டும் உணர்த்தியிருக்கலாம். ஆயினும் பொருள் விளங்காமல் ஒலியை மட்டும் கேட்கும் ஒருவரின் நிலையிலிருந்தே இத்தகைய சொல் பிறத்தல் இயலும். பொருள் விளங்கியவர் ‘அவர் இன்னது சொன்னார்’ என்பார். விளங்காதவரே ‘அவர் இவ்வாறு ஒலித்தார்’ என்பார். ஒலிக்குறிப்பு வினை என்பது கேட்பவரின் நிலையைப் பதிவுசெய்த சான்று.

ஊமையர் எனப்பட்டோர்

கேட்பவரின் நிலை தீர்ப்பாக உறைந்துபோவதைச் சிலாவிய மொழிகளே மற்றொரு சொல்லால் காட்டுகின்றன. செருமானியரை உருசியர் ‘நேமெத்ஸ்’ என்றும், போலந்தினர் ‘நியேமியெத்ஸ்’ என்றும், செக் மக்கள் ‘நியெமெத்ஸ்’ என்றும் அழைப்பர். ‘ஊமை’ என்னும் பொருளுடைய அடியிலிருந்து பிறந்த சொல் இது. தம் மொழி அறியாதவர் பேசத் தெரியாதவர் என்னும் முடிவு இதனுள் அடங்கியுள்ளது. பழைய உருசியத்தில் மேலைநாட்டு அயலார் பலரும் இப்பெயரால் குறிக்கப்பட்டனர். 1652இல் மாசுகோவில் அமைக்கப்பட்ட ‘நெமெத்ஸ்கயா சுலபதா’ என்னும் குடியிருப்பில் செருமானியரோடு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இசுகாத்துலாந்தியரும் வாழ்ந்தனர். ‘சிலாவியர்’ என்னும் இனப்பெயரைச் ‘சொல்’ எனப் பொருள்படும் ‘ஸ்லோவோ’ என்பதனோடு இணைத்துச் ‘சொல்லுடையார்’ என விளக்குவாரும் உளர். இவ்விளக்கம் அனைவராலும் ஏற்கப்பட்டதன்று.

இப்போக்கு சிலாவியர்க்கு மட்டும் உரியதன்று. கிரேக்கர் அயலாரை ‘பார்பரோசு’ என்றது அவர்தம் பேச்சைப் ‘பர்பர்’ எனப் போலச்செய்தே. வடமொழியில் ‘மிலேச்சர்’ என்பது தெளிவின்றிப் பேசுதலைக் குறிக்கும் வினையடியோடு தொடர்புடையது. அசுரர் சொற்களைத் திரித்து ஒலித்தமையால் தோற்றனர் என்னும் செய்தியைச் சதபத பிராமணம் கூறும்; பதஞ்சலியும் அதனை எடுத்தாண்டு, பிழைபட ஒலித்தலைக் கடிவார். தமிழில் முல்லைப்பாட்டு, பாசறையில் அரசனுக்கு அருகில் நின்ற மிலேச்சரைப் பேசாத நாவினராகவும் உடற்குறிப்பால் உணர்த்துவோராகவும் காட்டுகிறது. ‘நேமெத்ஸ்’ என்னும் சிலாவியச் சொல்லின் மனநிலைக்கு இது மிக அணுக்கமானது. ஆனால் அதே சங்க இலக்கியம் தமிழகத்துக்கு அப்பாற்பட்ட நிலத்தை ‘மொழிபெயர் தேயம்’ என்றும் குறிக்கிறது. அங்கு வழங்குவது ஓசை என்றோ அங்குள்ளோர் ஊமையர் என்றோ அத்தொடர் கூறவில்லை. மொழி வேறுபடுகிறது என்றே கூறுகிறது. ஒரே இலக்கிய மரபினுள் இவ்விரு நோக்குகளும் நிலவியமை, இவற்றுள் எதனைக் கொள்வது என்பது மனிதர் முன் எப்போதும் உள்ள தேர்வு என்பதை உணர்த்துகிறது.

ஓசை திருமொழியாதல்

மொராவிய அரசர் ராசுதிசுலாவ் 862இல் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் மைக்கேலிடம், தம் மக்கள் மொழியில் கற்பிக்கவல்ல ஆசிரியரை அனுப்புமாறு வேண்டினார். அதன் விளைவாகக் கான்ஸ்டன்டைன் (பின்னாளில் சிரில்), மெத்தோடியசு என்னும் உடன்பிறந்தார் இருவர் 863இல் மொராவியாவுக்குச் சென்றனர். கான்ஸ்டன்டைன் சிலாவியத்துக்கென ஓர் எழுத்து முறையை அமைத்து நற்செய்தி நூல்களை மொழிபெயர்த்தார். அவ்வெழுத்து பின்னாளில் ‘கிலகோலித்சா’ எனப் பெயர் பெற்றது. ‘கிலகோல்’ என்பதன் வழியே இப்பெயர் அமைந்தது.

867ஆம் ஆண்டளவில் வெனிசு நகரில் ஆயர்களும் துறவியரும் கூடிக் கான்ஸ்டன்டைனை எதிர்த்தனர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளே இறைவழிபாட்டுக்கு உரியன என்பது அவர்தம் வாதம். சிலுவையின்மேல் பொறிக்கப்பட்ட வாசகம் இம்மூன்று மொழிகளிலேயே இருந்தது என்பதை அவர்கள் சான்றாகக் கொண்டனர். கான்ஸ்டன்டைன் அளித்த விடையை அவர்தம் வரலாற்று நூல் விரிவாகத் தருகிறது. மழையும் ஞாயிறும் எல்லார்க்கும் பொதுவாயிருக்க, மொழி மூன்றனுக்கு மட்டும் இறைவன் செவிகொடுப்பான் என்பது எங்ஙனம் பொருந்தும் என அவர் வினவினார். ஆர்மேனியர், கோத்தியர், அரபியர், எகிப்தியர் முதலிய பல இனத்தார் தத்தம் மொழியில் இறைவனைப் போற்றுவதைச் சுட்டினார். பின்னர்க் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தை விரிவாக எடுத்துக்காட்டினார்.

அவ்வதிகாரத்தின் அறக்கருத்து இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. ஒருவர் மொழியை மற்றவர் அறியாதவிடத்துப் பேசுபவர் கேட்பவருக்கு அயலாராவது போலவே கேட்பவரும் பேசுபவருக்கு அயலாராகிறார் என்பது அதன் கருத்து. ‘பார்பரோசு’ என்னும் சொல் ஒருபக்கமாய் இருந்த நிலை இங்கு மாறி, இருபக்கத்துக்கும் ஒப்ப உரியதாகிறது. விளங்காமை என்பது ஒருவரின் குறைபாடாக இல்லாமல் இருவரிடையே நிலவும் உறவின் பண்பாகிறது. கான்ஸ்டன்டைன் அதனை மேலும் ஒருபடி கொண்டுசென்றார் எனலாம். சிலாவியப் பேச்சு இலத்தீன் குருவுக்கு ஓசையாகத் தோன்றினால், இலத்தீன் வழிபாடு சிலாவிய உழவனுக்கு ஓசையே அன்றோ? அவ்வாறாயின் பொருள் விளங்கச் செய்யும் பொறுப்பு யாருடையது? அதிகாரத்தில் இருப்பவருடையதே என்பது அவர்தம் மொழிபெயர்ப்புப் பணி தரும் விடை.

அம்மொழிபெயர்ப்பில் ஆளப்பட்ட வினை ‘கிலகோலாத்தி’ என்பதே. கிரேக்கத்தின் ‘லெகெய்ன்’, ‘லலெய்ன்’ ஆகிய இரண்டையும் பெரும்பாலும் இவ்வொரு வினையே பெயர்த்தது. இவற்றுள் ‘லலெய்ன்’ என்பதும் ‘லல’ என்னும் மழலையொலியைப் போலச்செய்து பிறந்த சொல். செவ்வியல் கிரேக்கத்தில் ‘வீண்பேச்சு’ என்னும் பொருளில் நின்ற அது, புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் ‘பேசுதல்’ என்னும் பொதுப்பொருள் பெற்றது. ஓசையினின்று எழுந்த கிரேக்க வினையை ஓசையினின்று எழுந்த சிலாவிய வினை பெயர்த்தது. இரு மொழியினரும் தத்தம் மக்கள் நாவில் வழங்கிய எளிய வினையை நீக்காது திருமறைக்குள் ஏற்றனர்.

இவ்விடத்து இருவகை எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. முதலாவது, தம் மொழியின் உரிமைக்காக வாதிடுபவரும் எதிரியின் பேச்சை ஓசையாக்கிவிடுதல் கூடும். வெனிசில் கூடியோரைப் பருந்தைச் சூழ்ந்த காக்கைக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறது அவ்வரலாற்று நூல். இரண்டாவது, பிறப்பின் உயர்வைக் காட்டி உரிமை கோருதல் வலுவற்றது. ‘எழுத்துகளைப் பற்றி’ என்னும் சிறுநூலில் ஃகிராபர் என்னும் துறவி, கிரேக்க எழுத்தை அமைத்தவர் புறச்சமயத்தார், சிலாவிய எழுத்தை அமைத்தவரோ புனிதர் என வாதிட்டார். அவ்வாதம் அக்காலத்துக்கு ஏற்புடையதாயினும், பிறப்பே தகுதிக்கு அளவுகோல் என்னும் எதிரியின் அடிப்படையை அது ஏற்றுக்கொள்கிறது. ‘கிலகோல்’ என்னும் சொல்லின் வரலாறு அவ்வடிப்படையையே மறுக்கிறது.

உயர்ந்த சொல் வேலியாதல்

ஒருகாலத்தில் விடுதலை செய்த சொல்லே பிறிதொரு காலத்தில் வேலியாகி நிற்றல் உண்டு. உருசியாவில் திருச்சபைச் சிலாவியம் உயர்மொழியாக நிலைபெற்ற பின்னர், ‘கிலகோல்’ என்பது மாட்சிமை மிக்க நடைக்குரியதாயிற்று. தெர்சாவின் 1779இல் இளவரசர் மெசேர்சுகியின் மறைவு குறித்து இயற்றிய பாடல் கடிகார மணியின் ஒலியைக் காலத்தின் ‘கிலகோல்’ எனச் சுட்டுகிறது. புசுகினின் ‘தீர்க்கதரிசி’ என்னும் 1826ஆம் ஆண்டுக் கவிதையில் மாந்தர் உள்ளத்தைச் சுடும் ஆற்றலாக இச்சொல் இடம்பெறுகிறது. ஆனால் அதே மூலத்திலிருந்து இயல்பாக வளர்ந்த ‘கொலொகொலித்’ என்பது ஊர்ப்புறத்தாரின் வாயாடலைக் குறிப்பதாகவே நின்றுவிட்டது. பிறப்பு ஒன்றே, ஒலி மாற்றம் மட்டும் வேறு. ஏட்டின் வழி வந்தது உயர்ந்தது. நாவின் வழி வந்தது தாழ்ந்தது. இவ்வேறுபாட்டுக்கு ஒலியின் இயல்பில் எவ்விதக் காரணமும் இல்லை. அதனை வழங்கியவரின் சமூக நிலையே காரணம்.

லொமொனோசோவ் 1758இல் திருச்சபை நூல்களின் பயன் பற்றி எழுதிய முன்னுரையில் சொற்களை வகைப்படுத்தி மூவகை நடைகளை வரையறுத்தார். திருச்சபை நூல்களில் இடம்பெறாத சொற்களுக்கு அவர் தந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ‘பேசுகிறேன்’ எனப் பொருள்படும் ‘கவரியூ’ என்பதாகும். இவ்வினையின் வரலாறும் ‘கிலகோலாத்தி’யின் வரலாற்றைப் போன்றதே. பழைய திருச்சபைச் சிலாவியத்தில் ‘கோவோர்’ என்பது ‘ஆரவாரம்’ எனப் பொருள்பட்டது. அதன்வழி வந்த ‘கவரீத்’ இன்று உருசியத்தில் பேசுதலைக் குறிக்கும் பொதுவினை. போலிஷில் உறவுச் சொற்களான ‘க்வார்’ என்பது கூட்டத்தின் இரைச்சலையும், ‘க்வாரா’ என்பது வட்டார வழக்கையும், ‘கவோஜிச்’ என்பது குழந்தையின் மழலையையும் குறிக்கின்றன. இரைச்சல், மழலை, வட்டார வழக்கு ஆகிய மூன்றும் ஒரு சொற்குடும்பத்தில் அமைந்திருத்தல் ஊன்றி நோக்கத்தக்கது. தமிழில் வட்டார வழக்குகளைக் ‘கொச்சை’ என ஒதுக்கிய மனநிலையும் இத்தகையதே. இதற்கு எதிர்த்திசையில் சென்ற சொற்களும் உண்டு. ஈரானிய மொழிகளில் ‘பேசுதல்’ எனப் பொருள்படும் சொல்லோடு உறவுடையதாகக் கருதப்படும் ‘மில்வா’ பழைய திருச்சபைச் சிலாவியத்தில் ‘அமளி’ ஆயிற்று. உருசியத்தில் ‘மல்வா’ எனத் திரிந்து ‘வதந்தி’ ஆயிற்று. செக்கில் ‘ம்லுவித்’ எனவும் போலிஷில் ‘மூவிச்’ எனவும் பேசுதலைக் குறிக்கும் பொதுவினையாக வாழ்கிறது. ஓசைக்கும் சொல்லுக்கும் இடையிலான எல்லை இருபுறமும் கடக்கப்படுவது என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்வெல்லை ஆட்சியாளரின் கைக்குச் சென்றபோது விளைந்த தீங்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு காட்டுகிறது. உருசியப் பேச்சுமொழியில் விவிலியத்தைப் பெயர்க்கும் முயற்சி 1813இல் தோன்றிய விவிலியக் கழகத்தால் தொடங்கப்பெற்று, 1826இல் அக்கழகம் மூடப்பட்டதால் தடைப்பட்டது; முழுமையான மொழிபெயர்ப்பு 1876இல்தான் வெளிவந்தது. ஆரவாரத்தில் பிறந்த ‘கவரீத்’ அவ்வாறு திருமறைக்குள் இடம்பெற்றது. அதே 1876இல்தான் எம்சு ஆணை உக்ரைனிய மொழி நூல்களின் அச்சீட்டைப் பெரிதும் தடைசெய்தது. அதற்குமுன் 1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ் விடுத்த சுற்றறிக்கை, அது தனிமொழியே அன்று, போலிஷ் தாக்கத்தால் சிதைந்த உருசியம் என்னும் கருத்தை முன்வைத்துச் சமய நூல்களையும் பொதுமக்களுக்கான கல்வி நூல்களையும் தடுத்தது. மொராச்செவ்சுகி உக்ரைனிய மொழியில் பெயர்த்த நற்செய்தி நூல்கள் அச்சேறாமல் நின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவை வெளிவந்தன. மும்மொழிக் கொள்கையை மறுத்துப் பிறந்த எழுத்தின் வழியினர், அதே கொள்கையை அண்டை மக்கள்மீது செலுத்தினர். சிதைந்தது என்னும் தீர்ப்பும் ஊமை என்னும் தீர்ப்பும் ஒரே தன்மையன. இரண்டும் பேசுபவரிடம் கேளாமலே வழங்கப்படுபவை.

குரலும் வாக்கும்

‘கோல்’ அடியின் மற்றொரு கிளையான ‘குரல்’ என்னும் சொல் அரசியல் பொருளை எய்தியமை இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. உருசியத்தின் ‘கொலொஸ்’, போலிஷின் ‘க்வோஸ்’, செக்கின் ‘ஹ்லஸ்’ ஆகியன குரலோடு தேர்தலில் அளிக்கும் வாக்கையும் குறிக்கின்றன. தமிழில் பேச்சைக் குறிக்கும் ‘வாக்கு’ என்பதும் இவ்வாறே பொருள் விரிந்தது. ஒருவர் குரலைக் கேட்டல் என்பதும் அவரை எண்ணிக்கையில் சேர்த்தல் என்பதும் ஒன்று என்னும் உணர்வு இப்பொருள் விரிவில் உள்ளது. ‘கிலஸ்’ என்னும் திருச்சபை வடிவிலிருந்து பிறந்த ‘கிளாஸ்நோஸ்த்’ 1864ஆம் ஆண்டு நீதித்துறைச் சீர்திருத்தத்தில் வெளிப்படையான விசாரணை என்னும் கோட்பாட்டைக் குறித்தது. 1965 டிசம்பர் 5 அன்று மாசுகோவில் கூடியோர், சின்யாவ்சுகி, தானியேல் என்னும் எழுத்தாளர் இருவரின் வழக்கு வெளிப்படையாக நடத்தப்பட வேண்டும் என இச்சொல்லைக் கொண்டே கோரினர். கோர்பச்சோவ் காலத்தில் அது அரசின் கொள்கைப் பெயராகி உலகறிந்த சொல்லாயிற்று.

மனிதர் பேச்சை ஓசையாக்கிய அதிகாரம், ஓசையைப் பேச்சாக்கித் தண்டித்ததும் உண்டு. 1591இல் உக்லிச் நகரில் இளவரசர் திமீத்ரி இறந்தபோது மக்களை அழைத்த மணி, கலகத்துக்கு உடந்தை எனக் குற்றஞ்சாட்டப்பெற்றுத் தோபோல்சுகுக்கு நாடுகடத்தப்பட்டது; அதன் நாக்கு பிடுங்கப்பட்டது என்பர். உருசியத்தில் மணியின் நாவும் மனிதரின் நாவும் ஒரே சொல்லால் வழங்கும். 1892இல்தான் அம்மணி உக்லிச் திரும்பியது. உலோகத்தின் ஒலியில் பொருளைக் கண்ட ஆட்சி, மக்களின் மொழியில் பொருளைக் காண மறுத்தது. ஆகவே எது சொல், எது ஓசை என்பது செவியின் திறத்தால் மட்டும் முடிவுசெய்யப்படுவதன்று; யாரை அஞ்சுகிறோம், யாரைப் பொருட்படுத்துவதில்லை என்பதும் அம்முடிவில் கலந்துள்ளது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, சொற்பிறப்பைக் கொண்டு அறத்தை நிறுவுதல் தருக்கப் பிழை என்பது. ‘நேமெத்ஸ்’ என இன்று கூறும் உருசியர் செருமானியரை இழிவுபடுத்துவதாகக் கொள்ளுதல் தவறே. ஆயின் இங்குச் சொற்பிறப்பு அறத்தின் அடிப்படையாகக் கொள்ளப்படவில்லை, சான்றாகவே கொள்ளப்படுகிறது. கேட்பவர் வழங்கிய தீர்ப்புகள் எவ்வாறு உருவாயின, எவ்வாறு மாறின என்பதை அது காட்டுகிறது. மாறக்கூடிய தீர்ப்பு, இயற்கையின் விதியாக இருத்தல் இயலாது.

இரண்டாவது, உலகில் வெற்றோசையும் உண்டு. எல்லாவற்றையும் சொல் எனக் கொள்ளுதல் இயலாது என்பது. நன்னூல் உரையாசிரியர் முற்கு, வீளை முதலிய ஒலிகளை எழுத்தினின்று விலக்கியதும் இக்கருத்துப் பற்றியே. ஆனால் அவர்கள் விலக்கியது ஒலி வகையை, மனிதரை அன்று. மேலும், பொருளற்ற பேச்சும் வஞ்சப் பேச்சும் உண்டு என்பது மெய்யே. அவற்றைப் பொருளற்றவை எனக் கூறும் உரிமை, விளங்கிக்கொண்ட பின்னரே கேட்பவருக்கு வாய்க்கிறது. விளங்கிக்கொள்ளும் முன் கூறுவது தீர்ப்பன்று, முற்சாய்வே.

மூன்றாவது, எல்லா மொழிகளையும் எவரும் கற்றல் இயலாது என்பது. கற்க வேண்டும் என அறம் கோரவில்லை. ‘எனக்கு விளங்கவில்லை’ என்பதற்கும் ‘இதில் விளங்குவதற்கு ஒன்றுமில்லை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காக்க வேண்டும் என்றே கோருகிறது. முன்னது தன் எல்லையைக் கூறும். பின்னது பிறர் எல்லையை வகுக்கும். தனிமனிதர்க்கு இவ்வளவே போதும். நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம் போன்று பிறர் வாழ்வின்மீது முடிவெடுக்கும் அமைப்புகளுக்கோ கடமை இதனினும் மிகுதி. விளங்காமையால் அவை இழப்பது ஒன்றுமில்லை, இழப்பவர் பேசுபவரே. எனவே பெயர்த்துரைப்பவரை ஏற்படுத்தும் பொறுப்பும் அவ்வமைப்புகளையே சாரும். மொராவியாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வந்ததும் அவ்வாறான பொறுப்பை ஓர் அரசர் ஏற்றுக் கேட்டதனாலேயே.

முடிவுரை

‘கோல்-கோல்’ என்னும் ஒலிக்குறிப்பு ‘கிலகோலாத்தி’ என்னும் வினையாகி, திருமறையின் சொல்லாகவும், ஓர் எழுத்து முறையின் பெயராகவும், இலக்கணத்தில் வினைச்சொல்லின் பெயராகவும் வளர்ந்தது. செக் மொழியில் அது முழக்கத்தைக் குறிக்கும் சொல்லாக நின்றது. உருசிய ஊர்ப்புற வழக்கில் பிதற்றலாகவே எஞ்சியது. ஒரே மூலத்துக்கு இத்தனை வகை முடிவுகள் வாய்த்தமை, ஓசையைச் சொல்லாக்குவது ஒலியின் பிறப்பன்று, அதற்குச் செவிகொடுத்தவரின் ஏற்பே என்பதைத் தெளிவாக்குகிறது.

அவ்வேற்பு ஒருமுறை அளிக்கப்பட்டதும் நிலைத்துவிடுவதன்று. 867இல் பெற்ற உரிமையை 1863இல் அதே மரபினர் பிறருக்கு மறுத்தனர். ஆதலால் எந்த மொழிச் சமூகமும், தான் முன்பு ஊமை என இகழப்பட்டதை நினைவில் கொள்வதோடு, தான் இன்று யாரை ஊமை என எண்ணுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். செம்மொழிப் பெருமையும் தொன்மைப் பெருமையும் உடைய சமூகங்களுக்கு இக்கடமை மேலும் மிகுதி. தம் எல்லைக்குள் வாழும் பழங்குடியினரின் மொழிகளையும், தம் மொழியின் ஒதுக்கப்பட்ட வழக்குகளையும், பிழைப்புக்காக வந்து குடியேறியோரின் பேச்சையும் அவை எவ்வாறு கேட்கின்றன என்பதே அப்பெருமைக்கு உரைகல்லாகும்.